பட்டன்

பாம்பன் மீனவர் சங்கத்துக்கு
வலைத்தளம் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.
முகப்பில் நீலம்,
அதன்மேல் இன்னும் கொஞ்சம் வெளிறிய நீலத்தில் எழுத்து.
செய்திகள் அலைபோல் தானாக நகரும்.
தொடங்கிவைத்த அன்று கேசரி கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ஐஸ் கம்பெனியிலிருந்து அழைப்பு.
'ஜெனோவா பேசுறேன், கணக்குப் பாக்குறவ.
ஒங்க சைட்டு எங்கிட்ட என்ன சொல்லுதுன்னு கேக்குறீங்களா?'
ஒரு போனை இன்னொரு போனோடு ஒட்டிவைத்தாள்.

படம். ஐஎம்ஜி அடிக்கோடு நான்கு நான்கு ஏழு ஒன்று.
படம். ஐஎம்ஜி அடிக்கோடு நான்கு நான்கு ஏழு இரண்டு.
இணைப்பு, இங்கே சொடுக்கவும்.
இணைப்பு, இங்கே சொடுக்கவும்.
இணைப்பு

'நாலு நாலு ஏழு ஒண்ணுன்னா
நாளைக்கிக் கடலுக்குப் போலாமா, கூடாதா?'

அந்தப் படம் துறைமுகக் கம்பத்தில் ஏறியிருந்த
மூன்றாம் எண் கூண்டு.
நானே வெயிலில் நின்று எடுத்தது.
நல்ல படம்.

இராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறினேன்.
பாலத்தில் காற்று ஜன்னல் கம்பியை உலுக்கியது,
கூண்டைப் பார்க்காதவர்க்கும் சேதி சொல்வதுபோல.
இப்படித்தான் அப்போது யோசித்தேன்,
கவிதையாக.
ஜெனோவாவிடம் சொன்னபோது
'காத்து கிலோமீட்டர் சொல்லாதுல்ல' என்றாள்.

ஒரு காதில் இயர்போன்.
மறு காது, ஐஸ் உடைக்கிற மிஷின் பக்கம்.
சாயங்காலம் ஐந்துக்குள் டோக்கன் உண்டா இல்லையா தெரிந்தால்
பார் உடைக்கலாம், நிறுத்தலாம்.
தெரியாமல் உடைத்த ஐஸ்
விடியுமுன் வாய்க்காலில் ஓடிக் கடலுக்கே போய்விடும்.
போன மாதம் அப்படிப் போனது
நூற்றுப் பத்து பார்.

முன்பதிவுப் பக்கத்துக்குப் போனோம்.
'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்கச் சொன்னது.
படகுகள் உள்ள கட்டங்களைத் தேர்வு செய்க.
அவள் அண்ணன்மார்க்கு மூன்று விசைப்படகு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
'எஞ்சின் சத்தத்தை வைத்தே
யார் படகென்று சொல்லிவிடுவீர்களாமே?' என்றேன்.
'யாரு சொன்னா? எல்லாம் ஒரே இரைச்சல்.
எனக்கு டீசல் பாக்கி தெரியும்.
அத வச்சு யாரு படகுன்னு சொல்லிப்புடுவேன்.'

அன்றிரவு லாட்ஜில் உட்கார்ந்து
ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதினேன்.
முதலில், 'மாலை ஒளியில் அழகிய பாம்பன் துறைமுகம்.'
போனில் அதை வாசிக்க வைத்துக் கேட்டேன்.
எனக்கே வெட்கமாக இருந்தது.
அழித்தேன்.
'மூன்றாம் எண் புயல் கூண்டு. வாடைக்காற்று,
மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வரை.
நாளை டோக்கன் இல்லை.'
இவ்வளவுதான் அந்தப் படத்தில் இருந்தது.
மேகம், வெயில் எல்லாம் நான் சேர்த்தவை.

ரோபோ கேள்வியைத் தூக்கினேன்.
நகர்கிற எழுத்தைக் கட்டிப்போட்டேன்.
வெளிறிய நீலத்தைக் கறுப்பாக்கியபோது
உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.
ஒரு வாரம் கழித்து பிரிட்டோராஜ் வந்தார்,
கண்ணில் ஒரு குறையும் இல்லாத ஓட்டுநர்.
'இப்பத்தான் தம்பி,
மத்தியான வெயில்ல, அணியத்துல நின்னு
இத வாசிக்க முடியுது' என்றார்.
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?
'நமக்குத்தான் தெரியலபோலன்னு இருந்துட்டேன்.'

இன்று காலை மறுபடி ஜெனோவா.
நன்றி சொல்லப் போகிறாள் என்று எடுத்தேன்.

'எல்லாம் பேசுது.
கடைசில ஒண்ணு இருக்கு பாருங்க,
பட்டன்னு மட்டும் சொல்லுது.
அமுக்கலாமா, வேணாமா?'

திறந்து பார்த்தேன். இருந்தது,
மூலையில், வட்டமாக, பேர் இல்லாமல்.
நான் போட்டதுதான்.
எதற்கென்று
எனக்கும் நினைவில்லை.

'அமுக்காதீங்க' என்றேன்,
'கொஞ்சம் பொறுங்க.'
மறுமுனையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.