கொருக்குப்பேட்டை கேட்டில் பதினோரு நிமிடம்

கேட் சாத்தினால்தான் எனக்கு எழுத வரும்.
டேங்கர் வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக
அவசரமே இல்லாமல் போகும்.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோவின் முதுகைப் பார்த்தபடி
இன்றைக்கு என்ன போடுவது என்று யோசிப்பேன்.

ஜெபமலர் மிக்சி கிரைண்டர் சர்வீஸ்,
தண்டையார்பேட்டை, ரேஷன் கடைக்கு எதிரில்.
கடை என் பெயரில். கடனும் என் பெயரில்.

நாத்தனார் மகள் ஷைனிதான் ஆரம்பித்துவைத்தாள்:
"ஆன்ட்டி, தினம் ஒண்ணு ஸ்டேட்டஸ்ல போடணும்.
ரெண்டு நாள் விட்டா மறந்துடுவாங்க."
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
பழைய பில் புக்கின் பின்பக்கம் கட்டம் போட்டுக் கொடுத்தாள்.
திங்கள், பராமரிப்புக் குறிப்பு.
செவ்வாய், வாடிக்கையாளர் சொல்வது.
புதன், கடைக்குப் பின்னால்.

கடைக்குப் பின்னால் ஓடுவது சாக்கடை.

திங்கள் போட்டேன்.
செவ்வாய் சொல்ல வந்த வாடிக்கையாளர்
"போன வாரம் மாத்துன ஜார் இப்பவே ஒழுவுது" என்றார்.
புதன், சமையல் கான்ட்ராக்ட்காரர் மூன்று கிரைண்டரை இறக்கினார்,
கல்லைத் தூக்கித் தூக்கி முழங்கை விட்டுப்போயிற்று.
வியாழன் கட்டத்தில்
பையன் தணிகா டீக்கணக்கு எழுதியிருந்தான்.

ராத்திரி பத்தரைக்கு ஷட்டரை இழுத்தபின்
போனை எடுத்தால்
கிரீஸ் ஏறிய விரலைத் திரை அடையாளம் கண்டுகொள்ளாது.
எனக்கும் அந்நேரத்தில் என்னை அவ்வளவாகத் தெரியாது.

அதனால் கேட்.
ஒருநாள் பாதி டைப் செய்யும்போதே ரயில் தீர்ந்துவிட்டது.
பின்னால் அத்தனை ஹாரன்.
பதறிக் கட்டைவிரல் அனுப்பிவிட்டது:
"மிக்சி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் செய்யவே"

கடைக்கு வந்து பார்த்தால் முப்பத்தோரு பதில்.
செய்யவே என்ன?
கூடாதா? மறக்கக் கூடாதா?
புளியந்தோப்பு பாத்திமுத்து வாய்ஸ் அனுப்பியிருந்தாள்,
"யக்கா, மசாலா ரெடியா கீது, போடவா வேணாவா?"
நான்கு பேர் நேரிலேயே வந்தார்கள், மிக்சியோடு.
என்ன சொல்ல வந்தேன் என்பது
எனக்கே மறந்துவிட்டது என்று
எப்படிச் சொல்வது?
"ஜாரை முக்காலுக்கு மேல் நிரப்பாதீங்க" என்றேன்.
பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும்.

டிசம்பரில் மழை.
கடைக்குள் முழங்கால் தண்ணீர்.
மோட்டார்களை மேசைமேல், மேசையைப் பெஞ்சுமேல் ஏற்றி
ஒரு வாரம் தூக்கமில்லை, ஸ்டேட்டஸும் இல்லை.
எட்டாம் நாள் பெயர் தெரியாத ஒரு எண்:
"யக்கா, ட்ரெயின் வர்லியா?"

கேட்டில் நின்றுதான் எழுதுகிறேன் என்று
யாரிடமும் நான் சொன்னதில்லை.
தணிகாதான் உளறியிருப்பான்.
நனைந்த தரையில் உட்கார்ந்து
அந்த ஒற்றை வரியை நாலு தடவை படித்தேன்.

பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய கார்பன் பிரஷ் ஒன்று
சட்டைப்பையில் கிடந்தது.
தேய்ந்து, கடுகு அளவு.
சுற்றுகிறதைத் தொட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை.
உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தேன்.
கீழே எழுத ஒன்றும் தோன்றவில்லை.
அப்படியே போட்டேன்.

இன்று காலை கேட் திறந்தே இருந்தது.
இருந்தாலும் ஓரங்கட்டினேன்.
பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர்
"இன்னாம்மா, தொறந்துதானே கீது?" என்றார்.
"நீ போப்பா," என்றேன்,
"எனக்கு வேல கீது."