சட்டை

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு. அன்னையர் தினம்.
தெருவிளக்கைச் சுற்றி ஈசல் கொட்டுகிறது,
மழையில்லாமல் ஒரு மழை.
நியூ ஆர்லியன்ஸில் எல்லோருக்கும் தெரியும்:
எட்டு மணிக்கு விளக்கை அணை, திரையை இழு,
தொலைக்காட்சியையும் நிறுத்து.
தெருவே இருட்டில் உட்கார்ந்து
கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டிருந்தது.
டெரன் வாங்கிவந்த கேக்கைத்
தடவித் தடவித் தின்றோம்.

விடிந்ததும் சன்னல் விளிம்பெங்கும் இறகு.
மிரெய்லுக்குப் பதினான்கு மாதம்.
நான் துடைப்பம் எடுத்து வருவதற்குள்
அவள் கீழுதட்டில் நான்கு இறகுகள்.

குளியலறைச் சுவரில்
பென்சில் பருமனில் ஒரு மண்கோடு.
சாவியால் கீறினேன்.
உள்ளே வெள்ளையாய், மும்முரமாய்,
என்னைப் பொருட்படுத்தாத ஒரு கூட்டம்.

முதலில் வந்தவர் சுவரோரம் துளையிட்டு
இருநூறு காலன் இறக்கலாம் என்றார்.
இரண்டு நாள் குழந்தை வெளியே இருக்கட்டும்.
நாய்?
நாயும்தான்.
பிஸ்கட் அப்போது
அந்தச் சுவரோர மண்ணில் வயிறு பதித்து
உறங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்து வந்த ஆர்செனோ
முழங்காலில் ரப்பர் கட்டிக்கொண்டு
வீட்டுக்கடியில் தவழ்ந்து போனார்.
கூடவே நாயும் போனது.
தாடியில் ஒட்டடையோடு வெளியே வந்து
"இன்னும் தின்னவில்லை,
ருசி பார்க்கின்றன" என்றார்.

பிறகு கேள்விகள்.
குழந்தை மண் தின்னுமா? தின்னும்.
நாய் தோண்டுமா? தோண்டும்.
பூனை?
பக்கத்து வீட்டுப் பூனைக்கு
எங்கள் செம்பருத்தி அடிதான் கழிவறை.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"முதல் மருந்துக்குக் காசில்லை.
ஏசித் தண்ணீர் சுவரடியில் சொட்டுகிறது,
குழாயைத் திருப்புங்கள்.
அடியில் கிடக்கும் அந்த அட்டைப்பெட்டியை எடுங்கள்."
தொட்டில் வந்த பெட்டி அது.
எதற்கென்று தெரியாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் பச்சை மூடிப் பெட்டிகள் பத்து,
பத்தடிக்கு ஒன்றாய் மண்ணுக்குள்.
மூடிகளின் சாவி அவர் இடுப்பில்.
உள்ளே என்ன?
"அவற்றுக்கு விருந்து. மரத்தைவிட ருசி.
கூடவே, சட்டை உரிக்கவிடாத ஒரு பொருள்.
வளர்கிற பூச்சி பழைய சட்டையை
உரித்தே ஆகவேண்டும்.
முடியாவிட்டால் அதற்குள்ளேயே முடிந்துபோகும்.
உங்கள் பெண் சட்டை உரிக்கிற ஜாதியில்லை,
இந்த நாயும் இல்லை.
ஆனாலும் தொடவிடாதீர்கள்."

எத்தனை நாள்?
மூன்று மாதம். நான்கும் ஆகலாம்.
அதுவரை?
அதுவரை தின்னும்.

ஜூனில் ஒரு இரவு
ஆறாவது பெட்டியைத் தோண்டியெடுத்து
அடுக்களை நடுவில் பரிசாக வைத்தான் பிஸ்கட்.
மூடியெங்கும் பல்தடம்.
ஆர்செனோவை எழுப்பினேன்.
"திறந்திருக்கிறதா?"
இல்லை.
"அசைத்துப் பாருங்கள்."
அசையவில்லை.
"தூங்குங்கள்" என்றார்.
காலையில் செங்கலோடு வந்தார்.
அன்று இரவு நான் தூங்கவில்லை,
நாயின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அந்த மண்கோடு
பழைய ரொட்டிபோல் பொடிந்தது.
தரைப்பலகையடியில் மிஞ்சிய சிலவற்றை
லென்ஸ் வைத்துக் காட்டினார்.
எல்லாம் கிழடு.
குஞ்சு ஒன்றுகூட இல்லை.
"இவை ஒன்றுக்கொன்று வாயோடு வாய் ஊட்டும்.
அதனால்தான் இந்த மருந்து வேலை செய்கிறது."
சொல்லிவிட்டு ஏனோ
லென்ஸை வெகுநேரம் துடைத்தார்.

இரவு மிரெய்லுக்கு உடை மாற்றினேன்.
வாத்து போட்ட மஞ்சள் சட்டை,
போன மாதம் தொளதொளத்தது.
தலையில் சிக்கிக்கொண்டது.
இரண்டு கையும் மேலே தூக்கியபடி
துணிக்குள்ளிருந்து அவள் கத்தினாள்.
ஒரு நொடி, ஒரே நொடி,
என் விரல்கள் ஓடவில்லை.

பிறகு இழுத்தேன்.
மயிர் சிலிர்த்த தலை வெளியே வந்து
சிரித்தது.

சட்டையை மடித்துப் பையில் போட்டேன்,
யாருக்காவது ஆகும்.
தரைப்பலகையில் காதை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கு
இன்னும் இரண்டு தவணை பாக்கி.