கஞ்சி நீலம்

ஆய்வகத்து ஓவன் பழுதாகி இருபது நாள்.
மெழுகில் வட்டங்கள் போட்ட வடிதாள் கட்டோடு
ஒத்தக்கடை வேலுத்தாயின் இஸ்திரி வண்டிக்குப் போனேன்.
"கசங்கவே இல்லையே, எதுக்குத் தேய்க்கணும்?"
"மெழுகு உருகி உள்ள இறங்கணும்க்கா.
அப்பத்தான் விட்ட துளி ஓடாம நிக்கும்."
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தாளுக்கு ஐம்பது காசு என்றாள்,
செல்லாத காசில் விலை சொல்வது அவள் வழக்கம்.

கரிப்பெட்டியை வைத்து மூன்று எண்ணினாள்.
தாளின் மறுபக்கம் மெழுகு எட்டிப் பார்த்தது,
சுவர் கட்டிய பொடிப்பொடிக் கிணறுகள்.
"இதுல கஞ்சி ஊத்தி, மேல அயோடின்..."
என்று காட்டிய கையே
சீசாவைத் தட்டிவிட்டது

சாயங்காலம் பெண் பார்க்கப் போகும்
சோணைமுத்துவின் வேட்டிமேல்.
மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டி.
கரையோரம் கருநீலமாய்
இன்னொரு ஆனைமலை படுத்துக்கொண்டது.

வேலுத்தாய் கத்தவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

எதிர்க்கடையில் எலுமிச்சை, சித்திரை விலை,
ஒன்று பன்னிரண்டு ரூபாய்.
பிழிந்தேன்.
சாறு பட்ட இடமெல்லாம் நீலம் கழன்றது,
மலை கொஞ்சம் கொஞ்சமாய் வெளுத்தது.
"பழமா செய்யுது இத?"
"அதுக்குள்ள இருக்க வைட்டமின் சி."
"எம்புட்டு இருக்கு?"

அந்த ஒரு கேள்விக்குத்தான்
மூன்று வருடமாய் உதவித்தொகை வாங்குகிறேன்.

"தாள எடு" என்றாள்.
வேட்டிக் கஞ்சியை அவளே கிணறுகளில் விட்டாள்,
நான் சீசாவின் மிச்சத்தை.
புதுப்பழம் மூன்று துளியில் வெளுத்தது.
கூடையடியில் வாடிக் கிடந்தது ஏழு கேட்டது.
நெல்லிக்காய்க்கு ஒன்றே போதும்,
அதுவும் அரைத்துளி என்று சண்டை பிடித்தாள்.

பிறகு வண்டிக்கு அடியிலிருந்த பையைத் துழாவி
மகள் தினமும் பள்ளி வாசலில் வாங்கும்
மஞ்சள் ஜூஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.
உறையில் பாதி வெட்டிய எலுமிச்சம்பழம்
சிரித்துக்கொண்டிருந்தது.
பத்து. இருபது.
இருபத்தாறாவது துளியில்
கிணறு நிரம்பி மெழுகுச் சுவர் தாண்டி வழிந்தது.
நீலம் வெளுக்கவில்லை.

தாளை வெயிலில் காயவைத்தாள்.
ரேஷன் அட்டைக்குள் செருகினாள்.
"காசு வேணாம். இதுல பத்து எனக்குக் குடு."

ஆறரைக்கு வந்த சோணைமுத்து
மடித்த வேட்டியை முகர்ந்து பார்த்தான்.
"கருப்பன் கோயிலுக்குப் போயிட்டு வந்தியா தாயி?"

"ஆமா" என்றாள்,
பாக்கெட்டில் அச்சடித்த விலாசத்தை
எழுத்துக் கூட்டியபடி.