திங்கட்கிழமை மாற்றிவிடலாம்

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு
பார்டுர் விடைபெற்றான்,
மிச்சமிருந்த கேக்கைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு.
ஐந்தேகாலுக்கு அவன் கணக்கை மூடினார்கள்.
ஆறு மணியிலிருந்து
கிளாக்ஸ்விக் கடற்கழியில்
எண்பதாயிரம் சால்மன்கள் பட்டினி.

ஜூன் மாதம். இருட்ட மறந்த வானம்.
ரன்வாவின் திரையில் ஒரே வரி:
அனுமதி மறுக்கப்பட்டது.
எவருக்கு, எதற்கு, சொல்லாது.
வாயிற்காவலன்கூட
முகம் சுளித்தாவது காரணம் காட்டுவான்.

தீவனப் பட்டியலைத் திறந்தாள்: திறந்தது.
அதன் கோப்புறை: நுழையலாம்.
அதற்கும் மேலே: தாராளமாக.
அவள் தட்டினால் திறக்கிற கதவு
நிரல் தட்டினால் கல்லாகிவிடுகிறது.

மிதவையிலிருந்து ஹெரால்வுர்:
"மீனெல்லாம் மேலே வந்து நிற்கிறது.
என்னையே பார்க்கிறது."
"கையால் அள்ளிப் போடேன்."
"ஒரு மூட்டை ஆயிரம் கிலோ, ரன்வா."

ஒரு கட்டளை உண்டு.
மூன்று ஏழுகள்.
எல்லாருக்கும் எல்லாம்.
விரல்கள் அடித்தும் முடித்துவிட்டன.
சுண்டுவிரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.
பிறகு அழித்தாள்,
ஒரு ஏழு, இன்னொரு ஏழு, இன்னொன்று.

காப்பி ஆறிப்போன பின்
பதிவேட்டைக் கீழிருந்து மேலாகப் படித்தாள்.
இத்தனை நேரம் பூட்டையே குடைந்தவள்
தட்டுகிறவன் யார் என்று இப்போதுதான் கேட்டாள்.

பார்டுர்.
ஏழு வருடமாக
ஒவ்வொரு தீவன உருண்டையும்
அவன் பெயரைச் சொல்லித்தான் விழுந்திருக்கிறது.

எதிர்க்கரைக் கம்பெனிக்குப் போனவன்
நான்காவது மணியில் எடுத்தான்.
"சோதனைக்காகப் போட்டது.
ஒரு ராத்திரிக்குத்தான்.
திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று..."
"எந்தத் திங்கட்கிழமை?"
கணக்குப் போட்டான். மூச்சு கேட்டது.
"என் மகள் பிறப்பதற்கு முந்தினது."

நிரலுக்கென்று தனிக் கணக்கு,
பட்டியலைப் படிக்க, குழாயைத் திறக்க,
வேறெதற்கும் உரிமையில்லாமல்:
அதுதான் முறை.
அதற்கு ஒப்பமிடுகிறவர் கோபன்ஹேகனில்,
ஞாயிறு வரை விடுப்பில்.

மூன்றே முக்காலுக்குக் குழாய்கள் இருமின.
ஹெரால்வுர் தொலைபேசியைத் தண்ணீர்ப்பக்கம் நீட்டினான்.
கீழிருந்து மேலே மழை பெய்கிற சத்தம்.

திரையில் ஏறிக்கொண்டே போகிறது:
ரன்வா, அனுமதிக்கப்பட்டது.
ரன்வா, அனுமதிக்கப்பட்டது.

மஞ்சள் தாளில் எழுதித்
திரையோரம் ஒட்டினாள்:
திங்கட்கிழமை மாற்ற வேண்டும்.

பசை கொஞ்சம் பழசு.