பன்னிரண்டு புள்ளி நாலு

டேப் டிரைவின் உருளையில்
ரப்பர் இளகிப் பலாப்பிசினாகியிருந்தது.
இப்போது இதை எவனும் செய்வதில்லை.

பம்ப் ஸ்டவ்வின் பித்தளையைக்
குட்டி லேத்தில் பூட்டினேன்.
எதிர்வீட்டு ரெஜினா ஹீட்டர் போட்டால்
மோட்டார் முனகும்.
அவள் குளித்து முடிக்கும்வரை
உளியைப் பின்னிழுத்துக் காத்திருப்பேன்.

பன்னிரண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர்.
முதல் இரண்டும்
மயிரிழை குறைந்து குப்பைக்குப் போயின.
மூன்றாவது,
கோத்தகிரி முழுக்க மேகத்துக்குள் கிடந்த மதியம்,
செருகியதும் 'க்ளுக்' என்றது.

நாடா நகர்ந்தது.
எண்பத்து மூன்று ஜூலை, எஸ்டேட் மழைக்கணக்கு:
நாற்பது, அறுபத்திரண்டு, பதினொன்று,
பிறகு ஒன்பது நாள் பூஜ்யம்.
ஜூலையிலா?

கீழே யாரோ
கொட்டை ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்கள்:
மழைமானி உடைந்துவிட்டது.
உதிரிபாகம் இன்னும் வரவில்லை.