இருப்பு

இரவு இரண்டு நாற்பது.
கடைசி ரயில் போய், பாதையில்
மின்சாரம் நிறுத்தியிருப்பார்கள்.
காதிப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவில்
ஹஃபீஸ் டார்ச்சோடு நடந்துகொண்டிருப்பான்.
நான் யீஷூனில் ஒன்பதாவது மாடியில்
மல்லாந்து கிடக்கிறேன்,
வலது கால் மடங்காதபடி
தொடையிலிருந்து கணுக்கால் வரை பட்டை.

வலி என்றால் சொல்லிவிடலாம்.
இது வலி இல்லை, அரிப்பும் இல்லை.
எறும்பு என்றால் அதற்கொரு திசை இருக்கும்.
எலும்புக்குள் யாரோ
சோடாவைத் திறந்து ஊற்றியது போல.
டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க
நான் தமிழில் தேடினேன்:
குடைச்சல். உளைச்சல்.
உளைச்சலை மனசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு
காலை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம்.

இருபத்திரண்டு வருஷம்
ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை
தண்டவாளம் நடந்து பார்த்தவன்.
விரிசல், தளர்ந்த பிடி, செத்த உடும்பு.
'ஓரிடத்தில் நிற்கமாட்டான் இவன்'
என்று சூப்பர்வைசர் பாராட்டியிருக்கிறார்.
அது வியாதி என்று யாருக்குத் தெரியும்?
வேலையே மருந்தாக இருந்திருக்கிறது.
மருந்து சாப்பிட்டதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்,
மழையில் கேபிள் மூடி வழுக்கி
முழங்கால் சில்லு இரண்டாகும் வரை.

இப்போது சட்டம் எளிது.
நடந்தால் அடங்கும்.
நடக்கக் கூடாது.
ஆறு வாரம், என்றார் பிசியோ மிஸ் யோ.
நேற்று மூன்று மணிக்குச்
சமையலறைத் தொட்டியைப் பிடித்தபடி
இடது காலால் மட்டும்
ஒரு ஸ்டேஷன் தூரம் குதித்ததை
அவரிடம் சொல்லவில்லை.
கீழ்வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்,
கதவில் ஒட்டிய மஞ்சள் சீட்டில்.

மங்கை ஈரத்துண்டு சுற்றினாள்.
கோடாலித் தைலம் தேய்த்தாள்.
யாரோ சொன்னார்கள் என்று
படுக்கை விரிப்புக்கடியில் சோப்புக் கட்டி வைத்தாள்.
தூங்கவைக்கும் என்று
கடையில் வாங்கிய அலர்ஜி மாத்திரை
கண்ணை மட்டும் தூங்கவைத்தது.
கால்களுக்கு அன்று தீபாவளி.

ரத்த முடிவு வந்ததும் தாதிதான் விளக்கினாள்:
"இரும்பு இருப்பு ரொம்பக் கம்மி அண்ணே."
இருப்புப் பாதையில் பாதி ஆயுள்.
இருப்புக் கொள்ளாத கால்.
கடைசியில்
இருப்பில் இல்லாத இரும்பு.
சிரித்துவிட்டேன். அவள் பயந்து போய்
மாத்திரையைப் பற்றி வேகமாகச் சொன்னாள்:
ஆரஞ்சுச் சாற்றோடு,
தேத்தண்ணி கூடவே வேண்டாம்,
மலம் கறுக்கும், கவலைப்படாதீங்க,
சரியாக மாதக்கணக்காகலாம்.

மாதக்கணக்கு.
இந்த இரவுக்குள்ளேயே எத்தனை மாதம்.

மங்கைக்கு ஐந்தரைக்கு
சாங்கி விமானச் சமையற்கூடத்தில் வேலை.
தூக்கத்தில் புரண்டு
தன் காலைத் தூக்கி
என் இடது காலின்மேல் போடுகிறாள்.
அரிசி மூட்டைக் கனம்.
இடது கால் வாயை மூடுகிறது.
வலது காலும் கூடவே, என்ன நினைத்ததோ.

நான் மூச்சைக்கூட அளந்து விடுகிறேன்.
கூரையில் படுத்திருக்கும் சிலீப்பர் கட்டைகளை
ஒவ்வொன்றாக எண்ணுகிறேன்.
ஹஃபீஸ் இந்நேரம்
நான் விழுந்த இடத்தைத் தாண்டியிருப்பான்.
அந்த மூடியை மாற்றினார்களா?
காலையில் கேட்க வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பதின்மூன்று.

பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்
கட்டைவிரல்
லேசாக.