பார்வையாளர் எண் இரண்டு

இன்று கோஜாகிரி பௌர்ணமி.
குங்குமப்பூ போட்டுக் காய்ச்சிய பாலை
நிலாவுக்குக் காட்டிவிட்டுக் குடிக்கிற ராத்திரி.
இந்த வருஷம் கிரகணம் என்று
பால் ஃப்ரிட்ஜிலேயே கிடக்கிறது,
மேலே ஒரு துளசி இலையோடு,
சுலபா பாட்கர் வீட்டில்.

வடாலா, சாந்தி சதன், ஏழாவது மாடிக்கும் மேலே
ஐந்தே பேர்.
அதில் ஒருவர் வாட்ச்மேன் ராம்சூரத்,
சாவி அவரிடம் இருப்பதால்.

பெயின்டர் விட்டுப்போன ஏணியில்
சணல்கயிற்றால் பைனாகுலரைக் கட்டியிருக்கிறான் நிஷாத்.
ஒன்பதாம் வகுப்பு.
டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி
நோட்டில் கோடு போடுகிறான்:
நேரம். இடம். பார்வையாளர்.

ஒன்று ஐந்து. ஒன்றுமில்லை.
ஒன்று பதினைந்து. இருக்கிற மாதிரி, இல்லாத மாதிரி.
மாஹுல் பக்கம் ரிஃபைனரிச் சுடர்
வேறு வேலையில்லாமல் எரிகிறது.
"மொத்தமே பன்னிரண்டு சதவீதம்தான் ஆன்ட்டி"
என்கிறான், தானே கடன் வாங்கினவன் போல.
சுலபாவின் புருஷன் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கிப்போனார்.
இப்போது நால்வர்.

பிறகு, கீழே இடது ஓரத்தில்,
டீயில் நனைத்து எடுத்த பிஸ்கட் மாதிரி
கொஞ்சம் ஈரம்.

அவ்வளவுதான். அதற்கே
கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தோம்.

நான் வலதுகண்ணை மூடினேன்.

யாருக்கும் சொல்லவில்லை இதுவரை.
சயான் ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து
நடுப்புள்ளியைப் பாருங்கள் என்றாள் டாக்டர்.
எந்தப் புள்ளி என்று கேட்டேன்.
அவள் எழுத ஆரம்பித்தாள்.
அன்றிலிருந்து குளியலறை ஜன்னல் கம்பியில்
தினமும் எண்ணுகிறேன்,
நான்கு கம்பி, வளைந்த ஒன்று,
பிறகு ஒன்றுமில்லை, பிறகு இரண்டு.
அடுத்த மாதம் ரயில்வே மெடிக்கல்.

இடதுகண்ணில் நிலா இல்லை.
வானம் இருக்கிறது, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது,
துணிக்கொடியில் யாரோ மறந்த ஒற்றைச் சாக்ஸ் கூட இருக்கிறது.
நான் பார்க்கும் இடம் மட்டும் இல்லை.

சலித்துப்போய்ப் பக்கத்து ஆன்டெனாவைப் பார்த்தேன்.
உடனே வந்துவிட்டது நிலா,
பார்வைக்கு வெளியே நின்றுகொண்டு,
கூப்பிடாத விருந்தாளி போல, கலங்கலாக.
திரும்பினால் போய்விடுகிறது.
ஆன்டெனா. நிலா.
நிலா. ஒன்றுமில்லை.
நான்கைந்து தடவை செய்தேன். சிரிப்பு வந்தது.

"ஒன்று நாற்பத்து நான்கு, உச்சம்!
இன்னொருத்தர் பார்த்துச் சொல்லணும் ஆன்ட்டி,
ஒருத்தர் பார்த்தால் செல்லாது."

எந்தக் கண்ணால், என்றேன்.

எதுவானாலும், என்றவன்
என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.
சொல்லிவிட்டேன்.
வலதில் பன்னிரண்டு. இடதில் முழுசும்.

ஐயோ என்று சொல்லுவான் என்றிருந்தேன்.
பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தான்.
"எப்போ தொடங்கிச்சு?"
ஜூன்.
"எப்போ விடும்?"
தெரியாது.
சிவப்பு வெளிச்சத்தில் எழுதினான்,
கையெழுத்துக் கோணாமல்:
பார்வையாளர் 2, இடதுகண், முழு கிரகணம்.
தொடக்கம் ஜூன்.
முடிவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டான்.

இரண்டு இருபத்திரண்டுக்கு
நிலா தன் ஈரத்தைத் துடைத்துக்கொண்டது.
ராம்சூரத் சாவியைக் குலுக்கினார்.
சுலபா நான்கு டம்ளரில் ஜில்லென்ற பால் கொண்டுவந்தாள்,
துளசியை எடுக்க மறந்து.
என் டம்ளரில்தான் விழுந்திருந்தது அது.

ஆறு மணிக்கு ஷிஃப்ட். வடாலா ரோடு, மூன்றாம் கவுண்டர்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
"ஒரு குர்லா, ரிட்டர்ன்."
வலதுகண்ணைக் கையால் பொத்திக்கொண்டு
அவர் தோளுக்கு மேல் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தேன்.

மெல்ல வந்தது முகம்.
மீசை வைத்திருந்தார்.
பத்து ரூபாய் சில்லறை கேட்டேன்.